சட்டாம்பிள்ளையின் இரவல் அதிகாரம்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மாணவர் தலைமை என்பது அண்மையில் வந்து சேர்ந்த ஏற்பாடு அன்று. ஒரே ஆசிரியர் பல வயதுப் பிள்ளைகளையும் ஒருசேரக் கவனிக்க வேண்டியிருந்த திண்ணைப் பள்ளிக் காலத்திலேயே, மூத்த மாணவன் ஒருவனிடம் ஆசிரியர் தம் அதிகாரத்தில் ஒரு பங்கை இரவலாக ஒப்படைக்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது. பள்ளி நடக்கும் முறையைப் பற்றி மாணவர் எண்ணுவதைப் பள்ளி காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்னும் கருத்தோ, அதாவது இன்று கல்வியாளர் மாணவர் குரல் என்று குறிப்பிடுவது, மிகப் பிற்காலத்தில் தோன்றியது. முன்னது ஆசிரியரின் ஆணையை மாணவரிடம் கொண்டுசேர்ப்பது. பின்னது மாணவரின் சொல்லை ஆசிரியரிடமும் நிர்வாகத்திடமும் கொண்டுசேர்ப்பது. திசையே வேறான இவ்விரண்டும் இருநூறு ஆண்டுகளாக ஒன்றென்றே கருதப்பட்டு வந்துள்ளன. தலைவன் ஒருவன் இருந்தால் போதும், மாணவருக்கு வாய் கிடைத்துவிட்டது என்று பள்ளிகள் நிறைவடைந்துள்ளன. இந்த மயக்கத்தின் வரலாற்றைத் தருமபுரி மாவட்டத்து இண்டூர் வட்டாரத்திலிருந்து தொடங்கிப் பார்ப்பதற்குத் தக்க காரணம் உண்டு.

தருமபுரிக்கும் பென்னாகரத்துக்கும் இடைப்பட்ட மானாவாரி நிலப்பரப்பில் அமைந்த இண்டூர், பழைய நிர்வாக ஏடுகளில் பாராமகால் என்று வழங்கப்பட்ட பகுதியைச் சேர்ந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த இப்பகுதியை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீடின் கீழ் அனுப்பப்பட்ட அதிகாரிகளுள் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை ஏழாண்டுகள் இங்கே பணியாற்றிய அவர், தருமபுரியில் தங்கி, ஊர் ஊராகச் சென்று நிலவரி நிர்ணயம் செய்தவர். பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான அதே மன்றோதான், 1822 ஜூனில், மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் உள்ளன, அவற்றில் யார் யார் படிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும்படி எல்லா மாவட்ட ஆட்சியருக்கும் ஆணையிட்டார். 1826 மார்ச்சில் அவர் தொகுத்து எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். எண்ணிக்கை குறித்த வாதங்கள் இன்றும் ஓயவில்லை. எனினும், அந்தக் கணக்கெடுப்பின்போது ஆட்சியர் சிலர் எழுதியனுப்பிய விவரங்கள் பள்ளிக்குள் அதிகாரம் எவ்வாறு பகிரப்பட்டது என்பதைக் காட்டும் அரிய சான்றுகளாக எஞ்சியுள்ளன.

அவற்றுள் விரிவானது பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் எழுதியது. காலையில் முதலில் வந்து சேரும் மாணவனின் உள்ளங்கையில் கல்வித் தெய்வமான சரசுவதியின் பெயர் எழுதப்பட்டது. இரண்டாமவனுக்குப் புகழும் இல்லை பழியும் இல்லை என்பதற்கு அடையாளமாகச் சுழியம். மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு என்று பின்னால் வருபவர்களுக்கு அடி ஏறிக்கொண்டே போயிற்று. எல்லாரும் வந்த பின் மாணவர் தேர்ச்சிக்கேற்பப் பெரும்பாலும் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, கீழ்வகுப்பினர் மூத்த மாணவரின் பொறுப்பில் விடப்பட்டனர். மேல்வகுப்பை ஆசிரியர் நேரே கவனித்தபடி பள்ளி முழுவதன் மீதும் ஒரு கண் வைத்திருந்தார். முன்னேறிய மாணவர் பின்தங்கியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் இம்முறை பாராட்டத்தக்கது என்றும், இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்றும் கேம்பெல் வெளிப்படையாகவே எழுதினார். பெல்லாரி தெலுங்கும் கன்னடமும் வழங்கிய பகுதியாயினும், தமிழ்ப் பகுதியின் வழக்கமும் இதற்கு மிக நெருக்கமானதே. காவிரிப் படுகையில் 1855இல் பிறந்து திண்ணைப் பள்ளியில் பயின்ற உ. வே. சாமிநாதையர், முதலில் வந்து சேரும் பிள்ளைக்குரிய ‘வேத்தான்’ என்ற பெயரையும், ஆசிரியருக்கு அடுத்த நிலையில் நின்று மற்றப் பிள்ளைகளை அடக்கியாண்ட ‘சட்டாம்பிள்ளை’ என்ற பதவியையும் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

சட்டாம்பிள்ளை என்பவன் வகுப்பின் மூத்த மாணவன். பெரும்பாலும் படிப்பில் தேர்ந்தவன், சில வேளை உடல் வலிமையாலோ ஆசிரியரின் நம்பிக்கையாலோ மட்டும் அவ்விடத்தைப் பெற்றவன். எண்சுவடியை அவன் உரக்கச் சொல்ல, மற்றவர் அதைத் திரும்பச் சொல்வதும், ஆசிரியர் வெளியே செல்லும்போது அமைதி காப்பதும், பள்ளிக்கு வராமல் ஒளிந்துகொண்ட பிள்ளையை வீட்டிலிருந்து இழுத்துவருவதும் அவன் வேலைகள். அவனை மாணவர் தேர்ந்தெடுக்கவில்லை. மாணவருக்கு அவன் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆசிரியரின் பிரம்பு அவன் கையில் இல்லாதபோதும் அதன் நிழல் அவன்மீது விழுந்திருந்தது. பிள்ளைகள் அவனுக்கு அஞ்சினார்கள், அவன் தயவை நாடினார்கள். ஆனால் அவர்களுடைய பசியையோ அச்சத்தையோ ஆசிரியரிடம் எடுத்துச் சொல்லும் கடமை அவனுடைய பொறுப்பில் அடங்கியிருக்கவில்லை. இதை அக்காலத்தின் கொடுமை என்று மட்டும் கடந்துவிடுவது நியாயமாகாது; சம்பளமாக நெல்லும் காய்கறியும் பெற்றுக்கொண்டு தனி ஒருவராகப் பள்ளி நடத்திய ஆசிரியருக்கு இந்த உதவி இன்றியமையாததாக இருந்தது. அதோடு, கற்றதை மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கும் மாணவன் தானும் அதை ஆழமாகக் கற்கிறான் என்னும் உண்மை அதில் பொதிந்திருந்தது.

அந்த உண்மையைக் கண்டுகொண்டு உலகமெங்கும் கொண்டுசென்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் பிள்ளைகளுக்கான அனாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற அவர், உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதையே தம் பள்ளியில் புகுத்த முயன்றார். உதவியாசிரியர்கள் ஒத்துழைக்காதபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் அதைச் செம்மையாக நடத்தியதைக் கண்டபின் பள்ளி முழுவதையும் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறைக்கு மாற்றினார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கைக்குப் பின் ‘சென்னை முறை’ என்ற பெயரால் இது பிரிட்டனில் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் பரவிற்று; ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்ற பெயரில் ஓர் உயர்நிலைப் பள்ளி இயங்குவது இந்தத் தொடர்பின் விளைவே. ஆனால் கடல் கடந்து சென்றது சட்டாம்பிள்ளையின் கற்பிக்கும் ஆற்றல் மட்டும் அன்று. ஆசிரியருக்கு மட்டுமே பதில் சொல்லும் அவனது நிலையும் கூடவே சென்றது. குறைந்த செலவில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒழுங்குக்குள் வைத்திருக்க அது வசதியாக இருந்ததால்தான் அவ்வளவு விரைவில் வரவேற்கப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலப் பள்ளிகள் தமிழ்நாட்டில் பெருகியபோது, இங்கிருந்து சென்றது வேறு உடுப்பு அணிந்து திரும்பி வந்தது. ரக்பி பள்ளியின் தலைமையாசிரியராக 1828 முதல் 1842 வரை இருந்த தாமஸ் அர்னால்டு மேல்வகுப்பு மாணவருக்கு ஒழுங்கு காக்கும் அதிகாரம் அளித்து உருவாக்கிய மரபு, மிஷன் பள்ளிகள் வழியாக ‘மானிட்டர்’, ‘பிரிஃபெக்ட்’, ‘லீடர்’ என்ற பெயர்களில் இங்கே நிலைபெற்றது. இன்று அரசுப் பள்ளிகளில் ‘எஸ்.பி.எல்.’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பள்ளி மாணவர் தலைவர் அந்த வரிசையின் கடைசிக் கண்ணி. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அணிவகுப்புக்குக் கட்டளை சொல்வதும், உறுதிமொழி வாசிப்பதும், ஆசிரியர் இல்லாத வேளையில் பேசுவோரின் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைப்பதும், சாக்குக்கட்டியும் வருகைப் பதிவேடும் எடுத்துவருவதும் வகுப்புத் தலைவர், பள்ளித் தலைவர் ஆகியோரின் நாள்தோறுமான பணிகள். அவற்றுள் ஒன்றுகூட மாணவரின் சார்பில் பேசுவதைக் கோருவதில்லை.

இதற்கு மாறான முயற்சி ஒன்றில் தமிழர் ஒருவரின் பங்கு உண்டு. அது உரிய அளவில் நினைவுகூரப்படுவதில்லை. காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டத்தை, அதாவது கைத்தொழிலை மையமாகக் கொண்டு எல்லாப் பாடங்களையும் கற்பிக்கும் முறையை, நடைமுறைப்படுத்த அமைந்த இந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலாளராக இருந்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஈ. டபிள்யூ. ஆரியநாயகம். அவரும் அவர் துணைவியார் ஆஷாதேவியும் நடத்திய சேவாகிராமப் பள்ளியில், சமையல், துப்புரவு, தோட்டம் போன்ற துறைகளுக்கு மாணவர்கள் தமக்குள்ளேயே அமைச்சர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் தம் துறையின் வேலைக்கும் செலவுக்கும் மாணவர் பொதுக்கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பதவி பெற்றவர் தம்மைத் தேர்ந்தவர்களுக்குப் பொறுப்பாவது என்பதுதான் இதன் உயிர்நாடி. ஏறத்தாழ அதே காலத்தில் வார்சாவில் யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர், 1912இல் தொடங்கப்பட்ட யூத அனாதை இல்லத்தில், குழந்தைகளே நீதிபதிகளாக அமரும் மன்றத்தை நடத்தினார். குழந்தை ஆசிரியர்மீதும் வழக்குத் தொடுக்கலாம் என்னும் விதியை ஏற்றுத் தம்மையே அம்மன்றத்தின் முன் நிறுத்திக்கொண்ட அவர், 1942இல் அந்தக் குழந்தைகளுடனேயே டிரெப்ளிங்கா வதைமுகாமுக்குச் சென்று உயிர் நீத்தார். இவை ஆங்காங்கே எரிந்த தனி விளக்குகளாகவே நின்றுவிட்டன. பொதுப் பள்ளியின் விதியாக ஆகவில்லை.

பொதுப் பள்ளிக்கு விதி வகுக்க முனைந்தது, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53இல் பணியாற்றிய இடைநிலைக் கல்வி ஆணையம். பள்ளிதோறும் மாணவர் தன்னாட்சி தேவை என்றும், இல்ல முறையும் மாணவர் தலைவர்களும் மாணவர் பேரவைகளும் அமைத்து, நடத்தை விதிகளை மாணவரே வகுத்து நடைமுறைப்படுத்தும் பொறுப்பை அவற்றிடம் அளிக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. இல்ல முறை என்பது பள்ளி மாணவரை எல்லா வகுப்புகளும் கலந்த சில குழுக்களாகப் பிரித்துப் போட்டிகளும் பொறுப்புகளும் அளிப்பது. இதே அறிக்கை, 17 வயதுக்குட்பட்ட மாணவரைத் தேர்தல் பரப்புரைக்குப் பயன்படுத்துவதைக் குற்றமாக்கும் சட்டம் வேண்டும் என்றும் கோரியது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது அதன் உள்ளம் புலனாகிறது: மாணவர் தம்மைத் தாமே ஆளட்டும், ஆனால் அந்த ஆட்சி ஒழுக்கத்தைக் காப்பதோடு நிற்கட்டும் என்பதே அது. நடத்தை விதியை வகுக்கும் பேரவைக்குப் பாடத்திட்டத்தையோ தண்டனையையோ கழிப்பறையையோ பற்றிப் பேசும் இடம் அந்தப் பரிந்துரையில் இல்லை.

ஆணையத்தின் அச்சத்துக்குக் காரணம் தமிழ்நாட்டிலேயே இருந்தது. 1938 ஏப்ரலில், சேலம் மாவட்டத்துக்காரரான ராஜாஜியின் அமைச்சரவை 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. கீழ்வகுப்பு மாணவர் என்ன படிக்க வேண்டும் என்ற கேள்வி அது. ஆனால் அதுபற்றி அந்த மாணவர் கருத்துச் சொல்லும் இடம் எதுவும் பள்ளிக்குள் இருக்கவில்லை. ஆகவே அந்தக் குரல் தெருவில் எழுந்தது. 1940 பிப்ரவரியில் ஆணை திரும்பப் பெறப்படும் வரை நடந்த போராட்டத்தில், திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்த மு. கருணாநிதி பங்கேற்றதும், பின் அவர் ‘மாணவ நேசன்’ என்ற கையெழுத்துப் பத்திரிகை நடத்தியதும் பரவலாக அறியப்பட்டவை. கையால் எழுதப்பட்டுக் கைமாறிச் சென்ற இத்தகைய இதழ்களும், இலக்கிய மன்றங்களும், 1943இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தொடங்கிய திராவிட மாணவர் கழகமும் சேர்ந்து உருவாக்கிய பேச்சு மரபை வகுப்புத் தலைவர்களின் மரபோடு ஒப்பிட்டுப் பார்த்தால், தமிழ்நாட்டு மாணவர் உண்மையில் எங்கே பேசக் கற்றார்கள் என்பதில் ஐயம் எழாது. 1965 ஜனவரியில் மாணவர் மீண்டும் தெருவுக்கு வந்தபோது மாநில அரசியலின் போக்கே மாறியது.

அதே 1965ஆம் ஆண்டின் அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. உயர்நிலைக் கல்வி இங்கே மெல்லவே பரவியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் 68.54 விழுக்காட்டு எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் கடைசி இடத்தில் இம்மாவட்டமே இருந்தது. வறண்ட புன்செய் நிலம் ஆண்டு முழுவதும் வேலை தராததால், பெற்றோர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலி வேலைக்குச் செல்ல, பிள்ளைகள் பாட்டி தாத்தாவிடம் வளர்வது இங்கே பல குடும்பங்களின் நடைமுறை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பற்களில் கறை படிந்த குழந்தைகள் பலரைக் கண்ட மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அந்தக் காரணத்துக்காகவே தீட்டப்பட்டது. குழந்தைத் திருமணம் இன்னும் தீராத கவலையாக உள்ளது. பள்ளிக்கு வராமல் போன மாணவி ஏன் வரவில்லை என்பதும், குடிக்கும் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதும் எந்த அலுவலகத்துக்கும் முன்னதாக உடன்படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும் ஊர்களில், மாணவர் குரல் என்பது ஏட்டுக் கல்வியாளரின் ஆடம்பரக் கருத்தாக இருக்க முடியாது.

சட்டம் இதை ஏற்கத் தொடங்கியது அண்மையில்தான். 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பு, தன்னைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்றும், அக்கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. இந்தியா 1992 டிசம்பரில் அதை ஏற்றது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவை உருவாக்கியது. பள்ளியின் தேவைகளைத் திட்டமிட்டுக் கண்காணிக்கும் இக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எஞ்சிய கால் பங்கில் ஒரு பகுதியை உள்ளூர்க் கல்வியாளருக்கோ பள்ளிக் குழந்தைகளுக்கோ பெற்றோர் முடிவுப்படி அளிக்கலாம் என்று மத்திய அரசின் மாதிரி விதிகள் கூறுகின்றன. குழந்தைக்கு நாற்காலி போட்டுவிட்டு அதில் வேறொருவரையும் அமர்த்தலாம் என்று சொல்லும் விதி இது. ஆயினும், பள்ளி நிர்வாகத்தில் மாணவருக்கு இடம் உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டதே ஒரு திருப்பம். இண்டூர் போன்ற வட்டாரத்தில் இதன் பொருள் மேலும் கனமானது. குழந்தையின் சார்பில் பெற்றோர் பேசுவார்கள் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. அந்தப் பெற்றோர் ஆண்டில் பாதி நாள் வெளியூரில் கட்டட வேலையில் இருக்கும்போது, தன் பள்ளியைப் பற்றிப் பேசப் பிள்ளையை விட்டால் வேறு ஆள் இல்லை.

தமிழ்நாடு அரசு இந்தத் திசையில் வைத்த அடிகளுள் முக்கியமானது, 2021இல் பள்ளிகளில் பாலியல் அத்துமீறல் குறித்த புகார்கள் வெளிவந்த பின் ‘மாணவர் மனசு’ என்ற பெயரில் பள்ளிகளில் வைக்கப்பட்ட புகார்ப் பெட்டிகள். பெயர் சொல்லாமலேயே ஒரு மாணவி எழுதிப் போடலாம் என்பதும், 14417, 1098 ஆகிய தொலைபேசி எண்கள் பள்ளிச் சுவர்களில் எழுதப்பட்டதும், மாணவரின் சொல் இடையில் எந்தத் தலைவரின் கையும் படாமல் மேலே செல்வதற்கான முதல் வழியைத் திறந்தன. 2024 நவம்பரில் தொடங்கிய ‘மகிழ் முற்றம்’ திட்டமோ முதலியார் ஆணையம் சொன்ன இல்ல முறைக்கு அரசுப் பள்ளிகளில் வடிவம் தந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களும், அவற்றுக்கு மாணவத் தலைவர்களும், பொறுப்பாசிரியர்களும், போட்டிப் புள்ளிகளும் அதில் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிட்டாதிருந்த ஒன்று கிட்டியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் புள்ளி சேர்க்கும் தலைவரும் பேசவைக்கும் தலைவரும் வேறு வேறு என்பதைச் சொல்லியாக வேண்டும்.

தலைவர் யார் என்ற கேள்விக்கு இங்கே மற்றொரு முனையும் உண்டு. 2012 நவம்பரில் நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டது இதே தருமபுரி மாவட்டத்தில். அந்தத் தெருக்களின் பிள்ளைகளும் மற்றத் தெருக்களின் பிள்ளைகளும் ஒரே பள்ளியின் ஒரே பெஞ்சில் அமர வேண்டியவர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் உடன்படித்த மாணவர்களால் வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடைசெய்யவும், மாணவரைப் பெயரின் அகரவரிசைப்படி அமர்த்தவும், எல்லாச் சமூக மாணவரும் அடங்கிய சமூக நீதி மாணவர் படையை உருவாக்கவும் பரிந்துரைத்தது. ஆசிரியரின் விருப்பத்தால் நியமிக்கப்படும் தலைவர் ஊரின் படிநிலையை வகுப்புக்குள்ளும் நீட்டிக்கக்கூடும்; வெறும் வாக்கெடுப்பும் பெரும்பான்மைச் சாதியின் வாக்கெடுப்பாகிவிடக்கூடும். சுழற்சி முறையில் எல்லார்க்கும் பொறுப்பு வருவதே இரண்டுக்கும் மாற்று.

இண்டூரை அடுத்த நாகர்கூடலில், மீனாட்சி உமேஷ் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ‘புவிதம்’ கற்றல் மையம், கூலி வேலைக்கு வெளியூர் செல்லும் குடும்பங்களின் பிள்ளைகளை மனத்தில் கொண்டு, மண்ணோடும் உழவோடும் பாடத்தை இணைத்து வளர்ந்த பள்ளி. ஆதாரக் கல்வியின் எண்ணங்கள் இந்த வட்டாரத்துக்கு அயலானவை அல்ல என்பதை அது காட்டுகிறது. பெருந்திரளான பிள்ளைகள் படிப்பதோ அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில்; 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபின் 16, 17 வயதினரும் அப்பள்ளிகளின் மாணவரே. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடும் எட்டாம் வகுப்போடும் நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இயங்கும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழுக்கள் கூடுகின்றன, தீர்மானங்கள் எழுதுகின்றன; ஆனால் மாதிரி விதி சிறு குழந்தைக்கு அரைமனத்தோடு காட்டிய இடம், தனக்காகத் தானே பேசத் தெரிந்த வயதை எட்டிய மாணவருக்கு அந்தச் சட்டத்தால் இன்னும் உறுதி செய்யப்படவில்லை.